‘வரையத் தெரியும், தியரிதான் பயம்’: எம்.எஃப்.ஏ. படிக்க நினைக்கும் மதுரைப் பெண்ணுக்கு

நான்கு பக்கக் கடிதம். பெயர், ஊர், பள்ளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அவர் சம்மதித்த அளவுக்கு மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 24 வயது. மேலூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா சுவர் விளம்பரமும் கடை போர்டும் எழுதி வந்த ஆர்ட்டிஸ்ட். ஃப்ளெக்ஸ் வந்ததும் எழுத்து வேலை போய், இப்போது வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார். மகள் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. (கவின் கலை இளநிலை) ஓவியம் முடித்துவிட்டு, இரண்டு வருடமாக மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. சம்பளம் 14,000 ரூபாய். மாலை நேரத்தில் இன்ஸ்டாகிராம் வழியாக வரும் பென்சில் போர்ட்ரெய்ட் ஆர்டர்களில் கொஞ்சம் காசு. கையில் 70,000 சேர்ந்திருக்கிறது. எம்.எஃப்.ஏ., அதாவது கவின் கலையில் முதுநிலை, படிக்க வேண்டும் என்கிறார், ஆனால் ஒவ்வொரு அடியிலும் ஒரு தடை. "நான் தமிழ் மீடியம். எம்.எஃப்.ஏ.வில் தியரி, செமினார், ஆய்வேடு எல்லாம் இங்கிலீஷில் இருக்குமாம். கை வேலையில் எனக்குப் பயம் இல்லை, இதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை" என்று எழுதியிருக்கிறார். அண்ணன் பி.எட். படி, இல்லையென்றால் அஞ்சல் வழியில் ஒரு எம்.ஏ. போடு என்கிறார். அம்மா மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார். அப்பா ஒன்றும் சொல்வதில்லை. பள்ளி நிர்வாகம் அவருடைய அசல் பட்டச் சான்றிதழை வாங்கி வைத்திருக்கிறது, நடுவில் போனால் மூன்று மாதச் சம்பளம் கட்ட வேண்டுமாம். போர்ட்ரெய்ட் ஆர்டர் செய்வதைப் பார்த்துத் தெரிந்த ஓவியர் ஒருவர் "இதெல்லாம் ஆர்ட்டே இல்ல" என்று சொன்னது வேறு மனதில் முள்ளாக நிற்கிறது. கடைசியில் இரண்டு கேள்வி. "எம்.எஃப்.ஏ. முடித்தால் காலேஜ் வேலை நிச்சயமா? நான் போகலாமா, கூடாதா?" கூடவே தன் படங்களின் புகைப்படம் பன்னிரண்டு அனுப்பியிருக்கிறார்.

இனி உங்களோடு நேராகவே பேசுகிறேன்.

முதலில் படங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடிதத்தில் நீங்கள் சொல்லாத பதில் அதில் இருக்கிறது. பன்னிரண்டில் எட்டு போர்ட்ரெய்ட், மூன்று கோயில் தூண். எல்லாமே சுத்தமான வேலை, பென்சில் நிழல் எங்கேயும் அழுக்காகவில்லை. பன்னிரண்டாவதைக் கடைசியில், ஏதோ தவறிப்போய்ச் சேர்ந்ததுபோல வைத்திருக்கிறீர்கள். ஒரு சுவர். பழைய சிமென்ட் விளம்பரம் ஒன்று, அதன் மேல் ஒரு கட்சிக்காரர் பிறந்தநாள் வாழ்த்து, அதன் மேல் வெள்ளை, வெள்ளை உரிந்த இடத்தில் மறுபடி சிமென்ட் விளம்பரத்தின் ‘ழ’ மட்டும் எட்டிப் பார்க்கிறது. அந்த ‘ழ’வின் வால் வளைவில் பிரஷ் திரும்பிய இடத்தைக்கூடக் காட்டியிருக்கிறீர்கள். பக்கத்தில் மெல்லிய நீலக் கோடு ஒன்று, எழுத்து நேராக வர நூலில் பொடி தடவிச் சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டி விடுவார்களே, அந்தக் கோடு. அதை இன்னொருத்தர் கவனித்திருக்கவே மாட்டார். அப்பா நூலின் ஒரு முனையை உங்கள் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லியிருப்பார், அதனால்தான் அது உங்கள் கண்ணில் பட்டது. அடியில் "சும்மா போட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். சும்மா இல்லம்மா. நீங்கள் எம்.எஃப்.ஏ. போகலாமா என்ற கேள்விக்கு அந்த ஒரு படத்தை வைத்துத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

தியரி என்று எதற்குப் பயப்படுகிறீர்கள்?

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது, தியரி என்றால் ஓவியத்துக்குச் சம்பந்தமில்லாமல் பக்கத்து அறையில் நடக்கும் ஒரு பரீட்சை, இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு மட்டும் பாஸ் மார்க் கிடைக்கும் என்று நினைத்திருப்பது தெரிகிறது. பி.எஃப்.ஏ.வில் கலை வரலாற்றை மனப்பாடம் செய்து எழுதிய அனுபவத்தால் வந்த நினைப்பு இது. உங்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் எழுதினேன். முதுநிலையில் தியரியின் வேலை வேறு. நீங்கள் செய்ததை ஏன் அப்படிச் செய்தீர்கள், வேறு யார் யார் இதே சிக்கலைத் தொட்டிருக்கிறார்கள், அவர்கள் விட்ட இடத்திலிருந்து நீங்கள் எங்கே போகிறீர்கள், இதைத்தான் கேட்பார்கள்.

உங்கள் சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து எப்போது படிக்கிற பொருளாக இருக்கிறது, எப்போது பார்க்கிற உருவமாக மாறுகிறது? இது ஒரு தியரிக் கேள்வி. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவரும், 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவருமான கே.சி.எஸ். பணிக்கர் 1960களில் ‘வார்த்தைகளும் குறியீடுகளும்’ என்று ஒரு வரிசையே வரைந்தார். எழுத்து, கணக்குக் குறி, ஜாதகக் கட்டம்போல ஒன்று, எல்லாம் நெருக்கமாக ஓடும், ஆனால் உட்கார்ந்து படித்தால் வாசகமாக வராது. படிக்க முடியாத எழுத்து எப்படிப் படமாகிறது என்று அவர் ஒரு பக்கம் போனார். உங்கள் அப்பா எழுதியதோ தூரத்தில் பஸ்ஸில் போகிறவனும் படிக்க வேண்டிய எழுத்து. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள். உரிந்துபோனதால் பாதி மட்டும் படிக்க முடிகிற எழுத்து உங்களுடையது. இதை நீங்கள் ஒரு பக்கம் எழுதினால் அது ஆய்வேட்டின் முதல் பக்கம்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். திருவாரூர் தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தன் என்ற புராண அரசனின் கதையை வரைந்திருக்கும் 17ஆம் நூற்றாண்டுக் கூரை ஓவியத்தில் காட்சியோடு தமிழ் எழுத்தும் ஓடுகிறது. வரைந்த சிங்காதனம் தன் பெயரையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கும்பகோணத்தில் நான்கு வருடம் இருந்த நீங்கள் அதைப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை என்றால் அடுத்த முறை பாருங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மாங்குளம், அரிட்டாபட்டி மலைகளில் தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. மாங்குளத்தில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது, கிறிஸ்துவுக்கு முந்தைய எழுத்து. கல்லில் வெட்டிய எழுத்து, கோயில் கூரையில் படத்தோடு சேர்ந்த எழுத்து, மேலூர் ரோட்டுச் சுவரில் எனாமல் எழுத்து. இந்த வரிசை உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் ஒரு மாணவர் இதைத் தேடிப் பிடிக்க ஆறு மாதம் ஆகும்.

இங்கிலீஷ் விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சென்னையிலோ கும்பகோணத்திலோ படித்தால் ஆசிரியர்களோடு உங்கள் படத்தைப் பற்றித் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். வெளி மாநிலம் போனால் இங்கிலீஷில் பேச வேண்டும், படிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதியும் இங்கிலீஷில்தான். கஷ்டம் உண்மை. ஆனால் அது இலக்கிய இங்கிலீஷ் இல்லை. கலை எழுத்தில் ஒரு முன்னூறு, நானூறு வார்த்தை திரும்பத் திரும்ப வரும், அவை பழகிவிட்டால் பாதிப் பக்கம் விளங்கிவிடும். இன்றிலிருந்து தினமும் ஒரு பக்கம், அகராதியோடு, நோட்டில் தமிழில் சுருக்கி எழுதுங்கள். ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியும். எழுதும்போது மட்டும் இங்கிலீஷில் யோசிக்க முயலாதீர்கள். முதலில் தமிழில் முழுதாக எழுதுங்கள், என்ன சொல்ல வருகிறீர்கள் என்பது தெளிவாகட்டும், அப்புறம் மாற்றலாம். தமிழில் தெளிவில்லாதது இங்கிலீஷில் தெளிவாகாது.

இரண்டு வருடம் அங்கே என்ன நடக்கும்

பெரும்பாலான இடங்களில் நான்கு செமஸ்டர். உங்களுக்கென்று ஸ்டூடியோவில் ஒரு மூலை தருவார்கள். பி.எஃப்.ஏ.போல ஸ்டில் லைஃப், லைஃப் ஸ்டடி என்று வரிசையாக வேலை கொடுக்க மாட்டார்கள். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். முதல் இரண்டு மாதம் நிறையப் பேருக்குக் கை ஓடாது, இதைத் தெரிந்துகொண்டே போங்கள். அப்புறம் வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ ஆசிரியர் வந்து பார்ப்பார், செமஸ்டருக்கு ஒன்றிரண்டு முறை ரிவ்யூ, எல்லோர் முன்னாலும் படத்தை வைத்துப் பேச வேண்டும். பக்கவாட்டில் இந்திய, மேற்கத்தியக் கலை வரலாறு, அழகியல், ரசக் கோட்பாடு, நவீன இந்தியக் கலை என்று வகுப்புகள். கடைசியில் ஆய்வேடு, கண்காட்சி, வைவா என்ற வாய்மொழித் தேர்வு.

என் முதல் ரிவ்யூவில் வெளியிலிருந்து வந்திருந்த ஒரு ஆசிரியர் என் மூன்று கேன்வாஸையும் பார்த்துவிட்டு, "இது நீ வரைஞ்சதுன்னு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். பதில் இல்லை. அன்றைக்கு ஹாஸ்டலில் அழுதேன். இரண்டு வாரம் பிரஷ்ஷைத் தொடவில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் போயிருந்தால் நல்ல கையுள்ள பெண் என்ற பெயரோடு நின்றிருப்பேன் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அன்றைக்கு வலித்தது வலித்ததுதான், உங்களுக்கும் வலிக்கும். சில இடங்களில் ரிவ்யூ என்ற பெயரில் ஆளைக் காயப்படுத்திப் பேசுவதும் நடக்கிறது. படத்தைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பேச்சை, ஊரை, சாதியை, மீடியத்தைப் பற்றிச் சொன்னால் அது விமர்சனம் இல்லை. தேதி போட்டு எழுதி வையுங்கள், துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்ப்புக் குழுவும், பெண்களுக்கான உள் புகார்க் குழுவும் இருக்க வேண்டும் என்பது விதி.

போர்ட்ஃபோலியோ

விண்ணப்பத்தோடு காட்டும் படத் தொகுப்பில் நேர்த்தியாக வரைந்ததையெல்லாம் அடுக்கினால் போதும் என்று நினைக்கிறீர்கள். முதுநிலைச் சேர்க்கையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உங்கள் கை சரியாக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள இரண்டு, மூன்று படம் போதும். மீதியில் அவர்கள் தேடுவது, இந்தப் பெண் ஒரு விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போவாளா என்பதை. எட்டு போர்ட்ரெய்ட்டில் ஒன்றை வையுங்கள். தூணில் ஒன்று. மீதி இடம் முழுக்கச் சுவருக்கு.

இன்னும் ஆறேழு மாதம் இருக்கிறது. அந்த ஒரு சுவரை பத்து, பன்னிரண்டு சுவராக ஆக்குங்கள். பேப்பரில் மட்டும் வேண்டாம், அப்பாவிடம் மிச்சம் இருக்கும் எனாமலில் பழைய தகரத்தில் செய்து பாருங்கள், சுண்ணாம்பு பூசிச் சுரண்டிப் பாருங்கள். சொதப்பினதையும் எறிய வேண்டாம். ஸ்கெட்ச் புக்கை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள், காபிக் கறையோடு. நேர்முகத்தில் முடித்த படத்தைவிட ஸ்கெட்ச் புக்கைத்தான் அதிக நேரம் புரட்டுவார்கள், நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தபோதும் அப்படித்தான் செய்தேன். கூடவே ஒரு பக்க விளக்கம் கேட்பார்கள். "சிறுவயது முதலே ஓவியத்தில் ஆர்வம்" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள், வருகிற நூறு விண்ணப்பத்தில் எண்பது அப்படித்தான் ஆரம்பிக்கும். நூலின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப் பெண்ணிலிருந்து ஆரம்பியுங்கள்.

அந்த ஓவியர் சொன்ன வார்த்தையை விட்டுவிடுங்கள். போர்ட்ரெய்ட் ஆர்டரை நிறுத்த வேண்டாம். ஒரு வீட்டில் இறந்துபோன தாத்தாவின் மங்கிய பாஸ்போர்ட் போட்டோவைக் கொண்டுவந்து பெரிதாக வரைந்து கேட்கிறார்கள் என்றால் அதில் ஒரு கேவலமும் இல்லை. உங்கள் கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது, அவ்வளவுதான். படிக்கும்போது கைச்செலவுக்கு அதுதான் ஆதாரம்.

எங்கே போடலாம்

தமிழ்நாட்டில் அரசு கவின் கலைக் கல்லூரி என்றால் சென்னையும் கும்பகோணமும். இரண்டிலும் எம்.எஃப்.ஏ. உண்டு, கட்டணம் குறைவு. கும்பகோணத்துக்கே திரும்பிப் போவது வசதிதான், பழகிய ஆசிரியர்கள், பழகிய ஹாஸ்டல், பஸ் ஏறினால் அன்றைக்கே வீடு. ஆனால் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன், அதைக் கடைசியாக வையுங்கள். அங்கே குறை இருப்பதால் இல்லை. நான்கு வருடம் பார்த்த கண்களுக்கு முன்னால் புதிதாகத் தப்பு செய்வது கஷ்டம்.

சென்னைக் கல்லூரி 1850ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் ஆரம்பித்த பள்ளியிலிருந்து வந்தது. ராய் சௌத்ரி, பணிக்கர், தனபால், ஆதிமூலம் என்று அங்கே இருந்த ஓவியர்கள், சிற்பிகளின் வரலாறு நீளம். மதுரையில் பிறந்த ஓவியர் டிராட்ஸ்கி மருதுவும் அங்கே படித்தவர்தான். மத்திய அரசின் ஓவிய, சிற்பக் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் மண்டல மையம், சோழமண்டலம், காலரிகள் எல்லாம் ஊரிலேயே இருப்பது பெரிய லாபம், வாரம் ஒரு கண்காட்சி பார்க்கலாம். அறை வாடகையும் சாப்பாடும்தான் கையைக் கடிக்கும், ஹாஸ்டல் கிடைக்குமா என்று முதலிலேயே விசாரியுங்கள்.

வெளி மாநிலத்தில் மூன்று இடம் உங்களுக்குப் பொருந்தும். மேற்கு வங்கத்தின் சாந்திநிகேதனில் 1919ல் தொடங்கிய கலா பவனா என்ற கலைக் கல்லூரி. நந்தலால் போஸும் வினோத் பிஹாரி முகர்ஜியும் வரைந்த சுவரோவியங்கள் அங்கே நீங்கள் தினமும் நடக்கிற வழியில் இருக்கும், சுவரைப் பற்றி யோசிக்கும் ஒருவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஓவியம், பிரிண்ட் மேக்கிங், சிற்பம், கலை வரலாறு எல்லாம் ஒரே இடத்தில். அப்புறம் குஜராத்தில் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகம். அங்கே நுண்கலைத் துறை 1950ல் ஆரம்பித்தது, பட்டத்தின் பெயர் எம்.வி.ஏ. என்று இருக்கும், குழம்ப வேண்டாம். தியரிக்குப் பயப்படும் உங்களுக்கு பரோடாவிலிருந்து ஒரு ஆளைச் சொல்கிறேன். பூபேன் கக்கர். சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். ஓவியத்தில் பட்டம் வாங்காதவர், பரோடாவில் அவர் படித்தது கலை விமர்சனம். தியரி வழியாக உள்ளே வந்து, 1970களில் வாட்ச் ரிப்பேர் கடை, முடி திருத்தும் கடை, கடை போர்டு என்று வரைந்து இந்திய ஓவியத்தின் போக்கையே மாற்றினார். கடை போர்டு, கவனித்தீர்களா?

மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் போர்ட்ஃபோலியோவோடு சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலை மதிப்பெண்ணும் கேட்கிறார்கள். அந்தத் தேர்வு கடந்த வருடங்களில் மார்ச் மாதத்தை ஒட்டி நடந்திருக்கிறது, அதனால் விண்ணப்பம் புத்தாண்டு வாக்கிலேயே வந்துவிடும். ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டு ஒரு வருடத்தை இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். டிசம்பரிலிருந்து ஒவ்வொரு இணையதளத்தையும் வாரம் ஒரு முறை பாருங்கள்.

வேலை, பி.எட்., அஞ்சல் வழி எம்.ஏ.

எம்.எஃப்.ஏ. முடித்தால் கல்லூரி வேலை நிச்சயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் இல்லை. உதவிப் பேராசிரியர் ஆக முதுநிலையில் 55 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும், வசதி படைத்த ‘கிரீமி லேயரில்’ வராத ஓ.பி.சி. பிரிவினருக்கும் 50) வேண்டும், கூடவே கல்லூரி ஆசிரியர்களுக்கான தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட்டிலோ மாநில அளவிலான செட்டிலோ தேர்ச்சி, இல்லையென்றால் பிஎச்.டி. வேண்டும். நெட்டில் உங்கள் பாடம் விஷுவல் ஆர்ட், குறியீடு 79. பொதுத்தாள் 50 கேள்வி, பாடத்தாள் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிப்பது இல்லை. கேள்வித்தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும்தான் வரும், ஆகவே நான் மேலே சொன்ன தினசரி ஒரு பக்கம் இதற்கும் சேர்த்துத்தான். இதையெல்லாம் தாண்டினாலும் காலியிடம் கொஞ்சம். வேலை ஒன்றுக்காக மட்டும் எம்.எஃப்.ஏ. போகிறீர்கள் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். டிசைன், அருங்காட்சியகம், பெரிய பள்ளிகளின் கலைத் துறை, ஓவியமே தொழில் என்று வழிகள் இருக்கின்றன, எதுவும் முதல் வருடமே சம்பளமாக வந்து நிற்காது.

அண்ணன் கெட்டது சொல்லவில்லை, தங்கைக்கு மாதச் சம்பளம் நிலையாக வர வேண்டும் என்று நினைக்கிறார். ஆனால் பி.எட். போட்டால் ஓவிய ஆசிரியர் வேலை உறுதியாகும் என்பது அவர் நினைப்பு. கேந்திரிய வித்யாலயா ஓவிய ஆசிரியர் பணிக்கெல்லாம் ஓவியம், சிற்பம் போன்றவற்றில் டிப்ளமோ அல்லது பட்டத்தைத்தான் அடிப்படையாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். எந்த வேலைக்குக் குறி வைக்கிறீர்களோ அதன் அறிவிப்பை அண்ணனோடு உட்கார்ந்து படியுங்கள், காகிதத்தைப் பார்த்துப் பேசினால் சண்டை வராது. அஞ்சல் வழி எம்.ஏ. வேண்டவே வேண்டாம். அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருந்தால் பட்டம் செல்லும், ஆனால் உங்களுக்கு இப்போது தேவை உங்கள் படத்துக்கு முன்னால் நின்று கேள்வி கேட்கும் ஆள். அது தபாலில் வராது.

பணமும் சான்றிதழும்

உங்கள் 70,000 ரூபாய் அரசுக் கல்லூரியில் சேர்ந்து முதல் வருடத்தை நகர்த்த உதவும். மீதிக்கு, கலாச்சார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்குத் தரும் உதவித்தொகை ஒன்று இருக்கிறது, 18 முதல் 25 வயது வரை, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். உங்களுக்கு 24. அடுத்த அறிவிப்பு வந்ததும் விதிகளைப் படித்துவிட்டு உடனே போடுங்கள், தள்ளினால் வயது தாண்டிவிடும். லலித் கலா அகாடமியும் உதவித்தொகை தருகிறது. உங்கள் பிரிவுக்கான நலத்துறை உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழை இப்போதே தயாராக வையுங்கள். கல்விக் கடனை ஒரு வரம்பு வரை அடமானம் இல்லாமல் வாங்கலாம் என்பது வங்கிகளின் பொதுத் திட்டம், ஆனால் இந்தப் படிப்புக்கு, சம்பளம் உறுதியில்லாத நிலையில், கடனைக் கடைசி வழியாக வையுங்கள். அப்பா பெயரில் வட்டிக்கு வாங்கிப் போகவே கூடாது.

சான்றிதழ் விஷயத்தில் நீங்கள் அநாவசியமாகப் பயந்துபோயிருக்கிறீர்கள். பட்டச் சான்றிதழ் உங்கள் சொத்து. அது விற்பனைப் பொருள் அல்ல, பாக்கிக்காகப் பிடித்து வைக்க முடியாது என்று கல்லூரிகள் சான்றிதழை முடக்கிய வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பள்ளி கேட்கும் மூன்று மாதச் சம்பளம் வேறு விஷயம். நீங்கள் கையெழுத்துப் போட்ட நியமன ஆணையில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள், அதன் நகல் வாங்குங்கள். இருந்தாலும் அது பணத் தகராறு மட்டுமே, சான்றிதழை வைத்துக்கொள்ள அது உரிமை தராது. ஆனால் சண்டையாக ஆரம்பிக்க வேண்டாம். "மேற்படிப்பு விண்ணப்பத்துக்கு அசல் தேவை" என்று தேதியோடு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். கல்வியாண்டு முடிகிற ஏப்ரலில் விலகுவதாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் மாவட்டக் கல்வி அதிகாரிகளிடம் மனு, அதற்கும் அசையவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

வீட்டில் எப்படிப் பேசுவது

அம்மாவிடம் "கல்யாணமே வேண்டாம்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும், அடுத்த வாரமே ஒரு வரன் வந்து உட்கார்ந்திருக்கும். தேதி சொல்லுங்கள். அடுத்த வருடம் ஜூன் அல்லது ஜூலையில் சேர்வேன், அதிலிருந்து இரண்டு வருடம், இந்த மாதத்தில் முடியும், அது வரைக்கும் செலவு இப்படி. தாளில் எழுதிக் காட்டுங்கள். அம்மாவுக்கு எம்.எஃப்.ஏ. என்றால் என்னவென்று தெரியாது, எப்போது முடியும் என்று தெரியாததுதான் அவரைப் பயமுறுத்துகிறது. நீங்கள் வயது வந்தவர், யாரும் கட்டாயப்படுத்திக் கல்யாணம் செய்ய முடியாது, இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் முடிந்து படிக்கிறவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் "கல்யாணத்துக்கு அப்புறம் படிக்க வைக்கிறோம்" என்ற வாக்குறுதியை நம்பி விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்கிறீர்கள். அவருக்கு விருப்பம் இல்லை என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள், கடிதத்தில் மூன்று இடத்தில் அது தெரிகிறது. இருக்கலாம். ஆனால் தன் தொழில் கண் முன்னால் அழிந்ததைப் பார்த்த ஒரு கலைஞர், மகளும் அதே பிரஷ்ஷை எடுக்கும்போது என்ன சொல்வார்? போ என்று சொல்லத் தைரியம் இருக்காது, போகாதே என்று சொல்ல மனம் வராது. அவரிடம் அனுமதி கேட்காதீர்கள், வேலை கேளுங்கள். அந்தப் பன்னிரண்டாவது படத்தைக் காட்டி, அந்த ‘ழ’வை யார் எழுதியிருப்பார்கள் என்று கேளுங்கள். சுவர் எழுத்தாளர்களுக்கு ஒருவர் கையை இன்னொருவருக்குத் தெரியும். வளைவைப் பார்த்தே பெயர் சொல்வார்கள். அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். எந்த பிரஷ், எந்த பெயின்ட், ஒரு எழுத்துக்கு எத்தனை ரூபாய், கை நடுங்காமல் இருக்கக் குச்சியை எப்படி ஊன்றுவார், இரவில் பெட்ரோமாக்ஸ் வைத்து எழுதிய தேர்தல் காலம், எல்லாம். இதை எந்தப் புத்தகமும் உங்களுக்குத் தராது. ஆய்வேடு எழுதும்போது உங்கள் முதல் ஆதாரம் அப்பாதான்.

ஆகவே, போங்கள் என்பது என் பதில். சென்னை, ஹைதராபாத், சாந்திநிகேதன் மூன்றுக்கும் போடுங்கள், முடிந்தால் பரோடாவும். கும்பகோணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எதிலும் கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வருடம் பள்ளியில் இருந்துகொண்டே சுவர்களைத் தொடருங்கள், 25 ஒன்றும் பெரிய வயதில்லை.

ஒரே ஒரு அவசரம் இருக்கிறது. மழைக்காலம் வருகிறது, அதற்கு அப்புறம் சுவரையெல்லாம் வெள்ளையடித்து அடுத்த கட்சி பிடித்துவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தச் சுவருக்குப் போங்கள். அளவு எடுங்கள், வெயில் சாய்ந்து விழும்போது போட்டோ எடுங்கள், உரிந்த சில்லு கீழே கிடந்தால் ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள். அப்புறம் அந்த ஒரு பக்க விளக்கத்தைத் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுப் பேசுகிறேன்.